டிப்ஸ்டிக்கில் ஆயில் இருந்தது, பேரிங்கில் இல்லை

கார் டேஷ்போர்டில் எண்ணெய்க் குடுவை மாதிரி ஒரு சிவப்பு விளக்கு இருக்கும், மூக்கு நுனியில் ஒரு சொட்டோடு. சாவியைத் திருப்பியதும் எரியும், என்ஜின் ஓடத் தொடங்கியதும் அணைந்துவிடும். ஆயில் குறைந்தால் எரிகிற விளக்கு என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தவரும் அப்படித்தான் சொன்னார். உண்மையில் அது ஆயிலின் அளவைப் பார்ப்பதே இல்லை, ஆயிலின் அழுத்தத்தைப் பார்க்கிறது. இந்த வித்தியாசத்தை யாரும் எனக்குச் சொல்லாமல் போனதில் ஒரு லட்சத்துப் பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் போனது. நாற்கரச் சாலை ஓரத்தில் இருட்டுகிற நேரத்தில் தனியாக நின்ற பயம் தனி. இன்னொருவர் அப்படி நிற்கக் கூடாது என்றுதான் நடந்ததை முழுசாக எழுதுகிறேன்.

என்னுடையது நான்கு சிலிண்டர் டீசல் கார், என்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளுகிற டர்போ உள்ளது. செகண்ட் ஹேண்டில் வாங்கியதுதான், ஆனால் ஆயில் மாற்றுவதில் நான் கறார். கம்பெனி சொன்ன கிலோமீட்டர் வருவதற்கு முன்பே மாற்றிவிடுவேன். வேலை மதுரையில், அம்மா இருப்பது திருநெல்வேலியில். அதனால் வாரக் கடைசியில் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலைதான் எனக்குப் பாதி வீடு. போன வருடம் பார்க்கிங்கில் வண்டிக்கு அடியில் சொட்டுச் சொட்டாக ஆயில் கறை பார்த்தேன். மதுரையில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். என்ஜினுக்கு அடியில் ஆயில் தேங்கி நிற்கிற தொட்டி இருக்கிறதே, நம் மெக்கானிக்குகள் ஆயில் சேம்பர் என்பார்கள், அதன் விளிம்பில் கசிவு. சேம்பரைக் கழற்றி, பழைய பசையைச் சுரண்டி, புதிதாக சிலிக்கான் பேஸ்ட் தடவி மாட்டிக் கொடுத்தார்கள். பில் 2,800 ரூபாய். கசிவு நின்றுவிட்டது. எனக்கும் திருப்தி.

சில வாரம் கழித்து, கயத்தாறு தாண்டி நல்ல வேகத்தில் போய்க்கொண்டிருக்கும்போது அந்தச் சிவப்பு விளக்கு லேசாக மினுக்கியது. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் அணைந்துவிட்டது. ஓரங்கட்டி, என்ஜினை நிறுத்தி, கொஞ்ச நேரம் கழித்து ஸ்டார்ட் செய்தேன். ஒன்றுமே இல்லை. திரும்பி வந்ததும் நேராக அதே ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். நின்ற இடத்திலேயே என்ஜினை ஓடவிட்டார்கள், லேசாக ஆக்ஸிலரேட்டர் கொடுத்துப் பார்த்தார்கள். விளக்கு எரியவே இல்லை. "சென்சார் வீக் ஆயிடுச்சு மேடம், மாத்திடலாம்" என்று சொல்லி 650 ரூபாய்க்கு, அந்த விளக்கை எரியவைக்கிற ஆயில் பிரஷர் சுவிட்சை மாற்றினார்கள். இந்த இடம் முக்கியம். சுவிட்ச் கெட்டுப்போவது உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதை ஊகத்தில் மாற்றக் கூடாது. சுவிட்சைக் கழற்றிவிட்டு அதே துளையில் ஒரு முள் காட்டும் பிரஷர் கேஜை மாட்டி அளந்து பார்க்கலாம், அரை மணி நேர வேலை. அதுவும் என்ஜின் நன்றாகச் சூடான பிறகு, ஐட்லிங்கில், அதாவது ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல் ஓடவிட்டு ஒருமுறை, நிமிடத்துக்கு 2,500, 3,000 சுற்று வேகத்தில் ஒருமுறை பார்க்க வேண்டும். ஐட்லிங்கில் மட்டும் பார்த்தால் என் வண்டியில் இருந்த கோளாறு கடைசிவரை தெரிந்திருக்காது. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

அந்த வெள்ளிக்கிழமை ஆபீஸ் முடிந்து கிளம்பினேன். சாத்தூர் தாண்டியதும் விளக்கு எரிந்தது. இந்த முறை மினுக்கவில்லை, நின்று எரிந்தது. உடனே ஓரங்கட்டி என்ஜினை நிறுத்தினேன். சற்றுப் பொறுத்து, ஆயில் அளவு பார்க்கிற கம்பியான டிப்ஸ்டிக்கை உருவித் துடைத்து, திரும்ப விட்டு எடுத்துப் பார்த்தேன். ஆயில் மேல் கோட்டைத் தொட்டுக்கொண்டு இருந்தது. ஒர்க்‌ஷாப்புக்குப் போன் செய்தேன். "ஆயில் ஃபுல்லா இருக்குல்ல மேடம், அப்ப ஒண்ணும் ஆகாது. வயரிங்ல லூஸ் இருக்கும். மெதுவா ஓட்டிட்டுப் போங்க, திங்கக்கிழமை பாத்துக்கலாம்" என்றார். ஸ்டார்ட் செய்தேன், விளக்கு அணைந்துவிட்டது. அவர் சொன்னது சரிதான் என்று தோன்றும்படிதான் எல்லாம் நடந்தது. சில கிலோமீட்டர் ஒழுங்காகப் போனது. மறுபடி விளக்கு. ஒதுங்க இடம் தேடுவதற்குள் அடியிலிருந்து டக் டக் என்று ஒரு சத்தம். ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் சத்தமும் வேகமாகிறது. யாரோ உள்ளே சுத்தியலால் அடிப்பது மாதிரி இருந்தது. அப்புறம் ஒரு குலுக்கல், வண்டி நின்றுவிட்டது. சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் 'டொக்' என்று ஒரு சத்தம் போடுகிறது, என்ஜின் சுற்றவில்லை.

லாரிகள் உரசுகிற மாதிரி போய்க்கொண்டிருந்தன. வண்டியில் உட்கார்ந்திருக்கவும் பயம், இறங்கி நிற்கவும் பயம். அழுகை வந்தது, அம்மாவுக்குப் போன் செய்தால் அவர் பதறுவார் என்று அடக்கிக்கொண்டேன். நான்கு பக்க விளக்கையும் மினுக்கவிட்டு, சிவப்பு முக்கோணத்தைப் பின்னால் நல்ல தூரத்தில் வைத்துவிட்டு, சாலைத் தடுப்புக்கு வெளியே போய் நின்றேன். தேசிய நெடுஞ்சாலைக்கு 1033 என்று இலவச உதவி எண் இருக்கிறது, இதை இப்போதே போனில் சேமித்துக்கொள்ளுங்கள். ரோந்து வண்டி வந்தது. அதில் வந்தவர்கள் வேறு வண்டி வரும்வரை கூடவே நின்றார்கள், அந்த நன்றி எனக்கு எப்போதும் உண்டு. ரெக்கவரி வண்டிக்கு 4,000 ரூபாய் கொடுத்து கோவில்பட்டியில் ஒரு என்ஜின் வேலைக்காரரிடம் கொண்டுபோய் இறக்கினோம். அறுபது வயதுக்கு மேல் இருக்கும் அவருக்கு. டீசல் என்ஜினிலேயே வாழ்க்கையைக் கழித்தவர். அண்ணாச்சி என்றுதான் எல்லாரும் கூப்பிட்டார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன்.

மறுநாள் அவர் சேம்பரை இறக்கும்போது என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார். "பாத்துக்கிடுங்க தாயி, பில்லு பெருசா வரும். எதுக்குக் காசு குடுக்கோம்னு தெரியணும்லா" என்றார். சேம்பருக்குள் ஒரு வளைந்த குழாய் இறங்கி நிற்கிறது. அதன் வாயில் காபி வடிகட்டி அளவுக்கு ஒரு கம்பி வலை, ஸ்ட்ரெய்னர். அந்த வலையில் முக்கால் பங்கு தெரியவே இல்லை. சாம்பல் நிறத்தில் ரப்பர் துணுக்குகள், புழு மாதிரி நீளநீளமாக, ஒன்றன்மேல் ஒன்று அப்பிக்கொண்டிருந்தன. ஒன்றை நகத்தால் பிய்த்து என் உள்ளங்கையில் வைத்தார். அழுத்தினால் அமுங்கி மறுபடி எழும்பியது. சேம்பரை ஒட்டத் தடவிய அதே சிலிக்கான் பேஸ்ட். விளிம்பில் தேவைக்கு மேல் தடவினால், போல்ட்டை முறுக்கும்போது மிச்சம் இரண்டு பக்கமும் பிதுங்கும். வெளிப்பக்கம் பிதுங்கியதைத் துடைத்துவிடலாம். உள்பக்கம் பிதுங்கியது அங்கேயே காய்ந்து, சூட்டில் ஆயிலில் ஊறி, கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்து சேம்பரில் அலையும். அலைவது எங்கே போகும்? உறிஞ்சுகிற வாய்க்குத்தான் போகும். "எளநியில ஸ்ட்ரா போட்டு உறிஞ்சும்போது வழுக்கை வந்து அடைச்சிக்கிடும்லா, அதேதான்" என்றார் அண்ணாச்சி. "எளநி நிறைய இருக்கும், வாய்க்கு ஒண்ணும் வராது."

அந்த ஒரு வாக்கியத்தில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அதுவரை ஆயில் என்பது என்ஜினுக்குள் எங்கோ தளும்பிக்கொண்டு, எல்லாவற்றையும் நனைத்துக்கொண்டு இருக்கும் என்று எனக்கு ஒரு எண்ணம். அப்படி இல்லை. சேம்பரில் கிடக்கிற ஆயிலுக்கு வேலையே இல்லை, அது காத்திருக்கிற ஆயில். வேலை செய்கிற ஆயிலை ஒரு பம்ப் உறிஞ்சி மேலே தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். அந்தப் பம்பைச் சுற்றுவது கிராங்க், பிஸ்டன்கள் சுழற்றுகிற என்ஜினின் முக்கியத் தண்டு. அதனால் என்ஜின் வேகமானால் பம்பும் வேகமாகும். ஓட்டத்தில் சேம்பரில் உள்ள மொத்த ஆயிலும் ஒரே நிமிடத்தில் பலமுறை சுற்றி வந்துவிடும். இங்கேதான் என் வண்டியின் மர்மம். ஐட்லிங்கில் பம்ப் மெதுவாக இழுக்கிறது, வலையில் மிச்சமிருக்கிற சின்ன இடைவெளியே அதற்குப் போதும். வேகமாகப் போகும்போது பம்ப் அதிகம் கேட்கிறது, வலை கொடுக்கவில்லை, இழுப்பு கூடக்கூடத் துணுக்குகள் இன்னும் இறுக ஒட்டிக்கொள்கின்றன, அழுத்தம் விழுகிறது. என்ஜினை நிறுத்தினால் இழுப்பு நின்று துணுக்குகள் உதிர்ந்து விலகுகின்றன. திரும்ப ஸ்டார்ட் செய்தால் எல்லாம் நலம்! ஒர்க்‌ஷாப்பில் நிறுத்தி வைத்துப் பார்த்தபோது விளக்கு எரியாததும், சாத்தூர் பக்கம் திரும்ப ஸ்டார்ட் செய்ததும் அணைந்ததும் இதனால்தான். வேகத்தில் எரிந்து, நிறுத்தித் திரும்ப ஸ்டார்ட் செய்தால் அணைகிற ஆயில் லைட் என்றால் முதல் சந்தேகம் ஸ்ட்ரெய்னர் மேல் வர வேண்டும் என்றார் அண்ணாச்சி. சூடான பிறகு ஐட்லிங்கில் மட்டும் மினுக்கி, ஆக்ஸிலரேட்டர் கொடுத்தால் அணைகிறது என்றால் கதை வேறு: பேரிங் தேய்மானமோ, பம்ப் தேய்மானமோ, ஆயில் தண்ணியாகிவிட்டதோ இருக்கும்.

பம்பைத் தாண்டியதும் ஒரு வால்வு இருக்கிறது, அழுத்தம் அளவுக்கு மேல் போனால் திறந்து, மிச்ச ஆயிலைத் திருப்பிவிடும். அப்புறம் ஃபில்டர். ஃபில்டர் முழுக்க அடைத்துக்கொண்டால் ஆயில் நின்றுவிடாது, பைபாஸ் வால்வு திறந்து வடிகட்டாத ஆயில் நேராக உள்ளே போகும். ஆயிலே இல்லாததைவிட அழுக்கு ஆயில் மேல் என்ற கணக்கு. நூறு ரூபாய் மிச்சம் பிடிக்க ஃபில்டரை மாற்றாமல் ஆயிலை மட்டும் மாற்றுபவர்கள் இதை யோசிக்க வேண்டும். ஃபில்டரிலிருந்து என்ஜின் பிளாக்கின் நீளத்துக்கு ஓடுகிற ஒரு பெரிய துளை வழியாக ஆயில் போகிறது, அதை மெயின் கேலரி என்கிறார்கள். அங்கிருந்து கிளைகள். முதலில் கிராங்கைத் தாங்குகிற மெயின் பேரிங்குகள். கிராங்குக்கு உள்ளேயே சாய்வாகத் துளை போட்டிருக்கிறார்கள். மெயின் பேரிங்குக்கு வந்த ஆயில் அந்தத் துளை வழியாகப் போய்த்தான், பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கிற கனெக்டிங் ராடின் அடிப்பக்கப் பேரிங்கை அடைகிறது. இந்தப் பேரிங்கில் உருளையோ குண்டோ எதுவும் கிடையாது. மெல்லிய பிறை வடிவத் தகடுகள் இரண்டு, அவ்வளவுதான். தகட்டுக்கும் கிராங்குக்கும் இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு. அந்த இடைவெளியில் அழுத்தத்தோடு ஆயில் வந்துகொண்டே இருக்கும்வரை, சுற்றுகிற கிராங்க் ஆயில் படலத்தின் மேல் மிதக்கிறது, இரும்பு தகட்டைத் தொடுவதில்லை. ஆயில் வருவது நின்றால் சில நொடிகளில் தொட ஆரம்பித்துவிடும்.

எனக்கு அப்படித்தான் தொட்டிருக்கிறது. மூன்றாவது சிலிண்டரின் ராடைக் கழற்றியபோது இரண்டு தகடுகளும் ஒன்றின்மேல் ஒன்று ஏறிச் சுருண்டு கிடந்தன. மேல் பூச்சு முழுக்கப் போய்ச் செம்பு நிறம் தெரிந்தது. கிராங்கில் அந்த இடம் சூட்டில் நீலம் பாரித்து, விரலால் தடவினால் கோடு கோடாக அறுத்தது. டக் டக் என்ற சத்தம் அங்கிருந்துதான் வந்திருக்கிறது. ஆயில் அதற்குப் பிறகும் நிற்பதில்லை. டீசல் என்ஜின்களில் பிஸ்டனுக்கு அடியில் சின்னக் குழாய் வைத்து ஆயிலைப் பீய்ச்சிக் குளிர வைப்பார்கள். இன்னொரு கிளை என்ஜினின் மேல்பகுதியான ஹெட்டுக்கு ஏறி, வால்வுகளைத் திறந்து மூடுகிற கேம் ஷாஃப்டுக்கும் டாப்பெட்டுகளுக்கும் போகிறது. இன்னொரு குழாய் டர்போவுக்கு. டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றக்கூடியது, அதுவும் ஆயில் படலத்தை நம்பித்தான் நிற்கிறது. என் டர்போ தண்டைக் கையால் ஆட்டினால் ஆடியது. வேலை முடித்த ஆயில் எல்லாம் அழுத்தம் இழந்து, வழிந்து சேம்பருக்கே திரும்புகிறது, மறுபடி அந்தக் கம்பி வலை. முழுச் சுற்றுக்கும் ஒரே வாசல். அந்த வாசலில் பேஸ்ட் துணுக்கு.

செலவைச் சொல்லிவிடுகிறேன். கிராங்கை லேத்தில் கொடுத்துக் கிரைண்டிங் செய்து அடுத்த சைஸ் பேரிங் போட்டது, வளைந்த ஒரு கனெக்டிங் ராட், புது ஆயில் பம்ப், டர்போ ரீகண்டிஷன், கேஸ்கெட் செட், ஆயில், கூலன்ட், கூலி எல்லாம் சேர்த்து ஒரு லட்சத்து எட்டாயிரம். ரெக்கவரி தனி. வண்டி ஒரு மாதத்துக்கு மேல் கோவில்பட்டியிலேயே நின்றது. ஒரு செலவை மட்டும் நான் குறைக்கப் பார்த்தேன், அண்ணாச்சி விடவில்லை. ஆயிலைக் குளிரவைக்கிற ஆயில் கூலரைப் புதிதாக வாங்காமல் கழுவிப் போட்டுக்கொள்ளலாமே என்று கேட்டேன். பேரிங் உதிர்ந்த என்ஜினில் உலோகத் துகள் கூலரின் சந்துகளில் போய் உட்கார்ந்திருக்கும், எவ்வளவு கழுவினாலும் முழுசாக வராது, பிறகு ஒருநாள் கிளம்பிவந்து புதுப் பேரிங்கைத் தின்னும் என்றார். என்ஜின் திறந்து வேலை பார்ப்பவர்கள் இதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பழைய ஃபில்டரையும் அறுத்து, மடிப்புக் காகிதத்தை வெயிலில் விரித்துக் காட்டினார். ஜிகினா தூவியது போல மின்னியது. ஒவ்வொரு ஆயில் மாற்றலின் போதும் ஃபில்டரை அறுத்துப் பார்க்கச் சொன்னால் பத்து நிமிட வேலைதான். அதில் மினுமினுப்பு தெரிந்தால் சத்தம் வருவதற்கு முன்பே உஷாராகிவிடலாம்.

இன்சூரன்ஸில் ஒன்றும் கிடைக்கவில்லை. சாதாரண வாகன பாலிசி இயந்திரக் கோளாறுக்குப் பணம் தராது. என்ஜின் பாதுகாப்பு என்று கூடுதல் பணம் கட்டி எடுக்கிற கவர்கூட, பெரும்பாலும் தண்ணீர் புகுந்தாலோ, அடிப்பாகம் கல்லில் இடித்து ஆயில் ஒழுகினாலோதான் உதவும், மோசமான வேலைக்கு அல்ல. ஆத்திரம் தாங்காமல் ஒர்க்‌ஷாப்பில் கேட்டபோது, வேறு இடத்தில் என்ஜினைத் திறந்துவிட்டீர்கள், நாங்கள் பொறுப்பில்லை என்றார்கள். நல்லவேளையாக அண்ணாச்சி சேம்பரை இறக்கும்போதே தொடக்கத்திலிருந்து வீடியோ எடுக்கச் சொல்லியிருந்தார். துணுக்குகளோடு ஸ்ட்ரெய்னரை அப்படியே பாலித்தீன் கவரில் போட்டுக் கொடுத்தார். சேம்பர் வேலைக்கும் சுவிட்சுக்கும் பில் என்னிடம் இருந்தது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்தேன். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி சேவைக் குறைபாடு என்று மாவட்ட ஆணையத்துக்குப் போகலாம், இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். வக்கீல் நோட்டீஸ் போனதும் பேச வந்தார்கள், 30,000 ரூபாய் கொடுத்தார்கள். முழுத் தொகைக்குச் சண்டை போட எனக்குத் தெம்பு இல்லை. பில் வாங்காமல் வேலை பார்த்திருந்தால் இதுவும் கிடைத்திருக்காது.

சேம்பர் கழற்றுகிற வேலை உங்களுக்கு வந்தால் மூன்று விஷயம் கேளுங்கள். பேஸ்ட்டை மெல்லிய கோடாக, போல்ட் துளைக்கு உள்பக்கமாகச் சுற்றி ஒரே சீராகப் போடுகிறார்களா? ஒட்டிய பிறகு டப்பாவில் போட்டிருக்கிற நேரம்வரை காயவிட்டு, அதற்கப்புறம்தான் ஆயில் ஊற்றுகிறார்களா? சேம்பர் கீழே இருக்கும்போதே ஸ்ட்ரெய்னரைக் கழுவினார்களா? பக்கத்தில் நின்று பாருங்கள், கூச்சப்படாதீர்கள். விளக்கு எரிந்தால் என்ன செய்வது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அந்த சுவிட்ச் பெரும்பாலான கார்களில் அழுத்தம் அரை பார் (பார் என்பது அழுத்தத்தை அளக்கிற அலகு) அளவுக்கு விழுந்தால்தான் வேலை செய்யும். வேகத்தில் ஓடுகிற என்ஜினுக்கு மூன்று நான்கு பார் தேவை. அதாவது விளக்கு எரிகிறபோது அழுத்தம் பெரும்பாலும் போய்விட்டது என்று அர்த்தம். பாதுகாப்பாக ஒதுங்கி உடனே என்ஜினை நிறுத்துங்கள். டிப்ஸ்டிக்கில் ஆயில் கீழ்க் கோட்டுக்குக் கீழே இருந்தால் ஊற்றிவிட்டு ஸ்டார்ட் செய்து பார்க்கலாம், விளக்கு அணையாவிட்டால் நிறுத்திவிடுங்கள். ஆயில் சரியாக இருந்து விளக்கு எரிந்தால் ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டாதீர்கள், போனில் யார் என்ன சொன்னாலும் சரி. ரெக்கவரிக்குக் கொடுக்கிற நாலாயிரம் பெரிய பணமாகத் தெரியும். எனக்கும் அன்றைக்கு அப்படித்தான் தெரிந்தது.

வேலை முடிந்ததும் அண்ணாச்சி உடனே ஸ்டார்ட் செய்யவில்லை. ஃபில்டருக்குள் ஆயிலை நிரப்பி மாட்டி, டீசல் போகாதபடி இன்ஜெக்டர் இணைப்பைக் கழற்றிவிட்டு, ஸ்டார்ட்டரால் மட்டும் விட்டுவிட்டுச் சுற்றினார். சுவிட்ச் இருந்த இடத்தில் கேஜ் மாட்டியிருந்தது. முள் அசையவில்லை, அசையவில்லை, அப்புறம் மெதுவாக ஏறியது. அதற்குப் பிறகுதான் இணைப்பைக் கொடுத்து என்ஜினை எழுப்பினார். காய்ந்த புதுப் பேரிங்கில் என்ஜினை ஓட்டினால் செய்த வேலை முழுக்க முதல் நிமிடத்திலேயே வீண். ஆயிரம் கிலோமீட்டரில் ஆயிலும் ஃபில்டரும் மாற்றச் சொன்னார், மாற்றினேன். இப்போது டேஷ்போர்டுக்குக் கீழே ஒரு சின்ன பிரஷர் கேஜை நிரந்தரமாகவே மாட்டிவிட்டேன், கூலியோடு 2,200 ரூபாய். திருநெல்வேலி போய்ச் சேர்கிறபோது, நல்ல சூட்டில், ஐட்லிங்கில் ஒன்றேகால் பார், ஓட்டத்தில் மூன்றரை. ஐட்லிங்கில் ஒன்றுக்குக் கீழே போகிற அன்று வண்டி நேராகக் கோவில்பட்டிக்குப் போகும், ரெக்கவரி வண்டியின் முதுகில்.